பழைய செம்புக் குழாயில் புது வாஷ்பேசினின் வேஸ்ட் லைனை இணைப்பது எப்படி?

பழைய பேசினைக் கழற்றியாகிவிட்டது. புதியதைப் பொருத்தியாகிவிட்டது. கீழே குனிந்து பார்த்தால் சுவரிலிருந்து களிம்பேறிய செம்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. கையில் இருப்பதோ வெள்ளை பிளாஸ்டிக் ட்ராப், அதாவது பேசினுக்கு அடியில் தண்ணீர் தங்கும்படி வளைந்த குழாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்று லொடலொடவென்று ஆடுகிறது, அல்லது நுழையவே மறுக்கிறது. கடையில் "ஒன்றரை இஞ்ச்" என்று கேட்டுத்தானே வாங்கினோம் என்ற குழப்பம் இங்கேதான் வரும். இந்தக் குழப்பத்தோடு பசையையும் சிலிக்கானையும் எடுப்பவர்களுடைய பேசின்தான் ஆறு மாதத்தில் அலமாரிக்குள் ஒழுகுகிறது.

செம்பில் கழிவுநீர்க் குழாய் போடும் வழக்கம் முக்கியமாக வட அமெரிக்காவில், 1950, 60களில் கட்டிய வீடுகளில் அதிகம். அதனால் கீழே வரும் இஞ்ச் அளவுகள் அங்கே புழங்குபவை. வேறு இடங்களில் அளவுகள் மாறும், வேலை செய்யும் முறை மாறாது.

முதலில் என்ன குழாய் என்று பாருங்கள்

சுவரிலிருந்து வரும் குழாயின் மேல் குரோம் பூச்சோ பெயின்டோ இருக்கலாம். ஒரு ஓரத்தில் கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். செம்பாக இருந்தால் செம்மஞ்சளாக மின்னும். பித்தளையாக இருந்தால் வெளிர் மஞ்சளாகத் தெரியும். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. இரும்பு என்றால் வேலையே வேறு, இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது.

செம்புதான் என்று உறுதியானதும் அதன் உடல்நிலையைப் பாருங்கள். கழிவுநீருக்குப் போடும் செம்புக் குழாயின் சுவர் மெல்லியது, ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். படுக்கையாக ஓடும் குழாயில் அடிப்பாகத்தில்தான் தண்ணீர் எப்போதும் தங்கும், அதனால் அரிப்பும் அங்கேதான் தொடங்கும். டார்ச் அடித்து, குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பச்சைப் பொடி கோடாகவோ புள்ளிகளாகவோ படிந்திருந்தால் அந்த இடத்தில் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளே அமுங்கினாலோ, முனையைப் பார்க்கும்போது சுவர் தாள் மாதிரி இருந்தாலோ, அந்தப் பகுதியில் எதையும் மாட்டாதீர்கள். நல்ல செம்பு வரும் வரை பின்னால் வெட்டித்தான் ஆக வேண்டும். மேலோட்டமாகப் பச்சை படிந்து, தேய்த்தால் கீழே வழவழப்பான செம்பு தெரிந்தால் கவலையில்லை.

அளவு: இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்

ஒரே "1½ இஞ்ச்" என்ற பெயரில் மூன்று வேறு வேறு குழாய்கள் கடையில் கிடைக்கின்றன. பேசினுக்குக் கீழே மாட்டும் மெல்லிய ட்ராப் குழாயின் வெளிவிட்டம் சரியாக 1½ இஞ்ச், அதாவது 38.1 மி.மீ. அதே பெயருள்ள செம்புக் குழாயின் வெளிவிட்டம் 1⅝ இஞ்ச், 41.3 மி.மீ. அதே பெயருள்ள கெட்டியான பிவிசி குழாய் 48.3 மி.மீ. 1¼ இஞ்ச்சிலும் இதே கதைதான்: ட்ராப் குழாய் 31.8, செம்பு 34.9, பிவிசி 42.2 மி.மீ. செம்புக் குழாய்க்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பெயரளவோடு ⅛ இஞ்ச்சைக் கூட்டினால் வெளிவிட்டம் வந்துவிடும்.

இந்த எண்களில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். 1½ இஞ்ச் செம்பு 41.3, 1¼ இஞ்ச் பிவிசி 42.2. இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அதனால் செம்புக் குழாய் 1¼ இஞ்ச் பிவிசி சாக்கெட்டுக்குள் ஓரளவு பொருத்தமாகப் போய் உட்காரும். பார்த்தவுடன் "ஆகா, பொருந்திவிட்டது" என்று பிவிசி பசையைத் தடவி ஒட்டத் தோன்றும். பிவிசி பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரண்டு பிளாஸ்டிக்கையும் ஒன்றாக்குகிறது. செம்பை அது ஒன்றும் செய்யாது. காய்ந்த பிறகு கெட்டியாக இருப்பதுபோல் தெரியும், ஒரு தரம் வெந்நீர் போனதும் விட்டுவிடும். எபாக்ஸி, சிலிக்கான் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்: அவை இந்த மூட்டுக்கு உரியவை அல்ல.

ஆகவே பெயரைச் சொல்லி எதையும் வாங்காதீர்கள். வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போங்கள். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு காகிதத் துண்டைக் குழாயைச் சுற்றி இறுக்கமாகக் கட்டி, ஓரம் சேரும் இடத்தில் கோடு போட்டு, பிரித்து அளந்தால் சுற்றளவு கிடைக்கும். செம்பு என்று உறுதியாகிவிட்ட பிறகு, சுற்றளவு 130 மி.மீ. பக்கம் வந்தால் அது 1½ இஞ்ச் குழாய். 110 பக்கம் வந்தால் 1¼. கூடவே குழாய் வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய செம்பு அடிபட்டு நீள்வட்டமாகியிருக்கும். மேலிருந்து கீழாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு அளவு எடுத்தால் தெரிந்துவிடும்.

பழைய ட்ராப்பைக் கழற்றுவது

பேசினுக்கு வரும் தண்ணீர் வால்வுகளை மூடுங்கள். ட்ராப்புக்குக் கீழே வாளி வையுங்கள்; வளைவுக்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும், அது கொட்டும். அந்த வாளித் தண்ணீரைப் பழக்கதோஷத்தில் அதே பேசினில் ஊற்றிவிடாதீர்கள்.

பழைய நட்டுகள் இறுகிப்போயிருக்கும். இந்த இடத்தில் அவசரம் கூடாது. ஒரு ரெஞ்ச்சால் நட்டைத் திருகும்போது, இன்னொரு ரெஞ்ச்சால் சுவர்ப்பக்கக் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் திருகினால் அந்த முறுக்கு நேராகச் சுவருக்குள் போகும். உள்ளே பற்றவைத்த பழைய மூட்டு ஒன்று விட்டுப்போகும்; வெளியே எல்லாம் சரியாக இருக்க, சுவருக்குள் ஒழுகும். ரெஞ்ச்சின் பல் மெல்லிய செம்பை நசுக்காமல் இருக்க நடுவில் தடித்த துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருந்தும் நட் அசையவில்லையா? ஹாக்ஸா பிளேடால் நட்டை மட்டும் சாய்வாக அறுங்கள். கீழே இருக்கும் மரையில் பிளேடு படக் கூடாது. முக்கால்வாசி ஆழம் போனதும் நிறுத்தி, அறுத்த பிளவில் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் நட் பிளந்துவிடும். நட் போனால் இன்னொன்று வாங்கலாம், மரை போனால் வேலை பெரிதாகும்.

ட்ராப் வெளியே வந்ததும் சுவர்க் குழாயின் வாயில் ஒரு கந்தல் துணியைச் செருகுங்கள். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கத்தான் இது. அது நாற்றம் மட்டுமல்ல, உடம்புக்கும் கெடுதல். துணியின் ஒரு முனை கணிசமாக வெளியே தொங்கட்டும், உள்ளே போய்விட்டால் அதுவே அடைப்பாகும். பழைய பற்றுகளில் (மூட்டை ஒட்ட உருக்கி விட்ட உலோகத்தில்) ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைத் தேய்க்கும்போது கையுறை போட்டுக்கொண்டு, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

குழாய் முனையில் மரை இருந்தால்

இதுதான் அதிர்ஷ்டம். பல பழைய செம்புக் குழாய்களின் முனையில் ஒரு பித்தளைத் துண்டு பற்றவைத்திருக்கும். அதில் வெளிமரையும், பெரிய நட்டும், உள்ளே காய்ந்துபோன ரப்பர் வாஷரும் இருக்கும். 1½ இஞ்ச் செம்பின் உள்விட்டம் கிட்டத்தட்ட 39 மி.மீ. என்பதால் 1½ இஞ்ச் ட்ராப் குழாய் அதற்குள் அழகாக வழுக்கிக்கொண்டு போகும். அப்படித்தான் அந்தக் காலத்திலேயே வடிவமைத்தார்கள்.

மரையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, பழைய வாஷரின் மிச்சத்தைச் சுரண்டி எடுங்கள். புது நட்டும் புது வாஷரும் போடுங்கள். பழைய வாஷரைத் திரும்பப் போடவே போடாதீர்கள். உங்கள் ட்ராப் குழாய் 1¼, சுவரில் இருப்பது 1½ என்றால் அதற்கென்றே ரெட்யூசிங் வாஷர் கிடைக்கும்: வெளியே 1½ நட்டுக்கும் உள்ளே 1¼ குழாய்க்கும் பொருந்துவது. குழாயில் முதலில் நட், அடுத்து வாஷர், அப்புறம் உள்ளே செருகல். வாஷர் ஒரு பக்கம் சரிவாக இருந்தால் அந்தச் சரிந்த பக்கம் மூட்டை நோக்கி இருக்க வேண்டும். இந்த மரையில் டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை. இங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான், மரை அதை அழுத்தும் வேலையை மட்டும் செய்கிறது.

வெறும் செம்புக் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால்

பழைய ட்ராப்பையே செம்போடு பற்றவைத்திருந்தால், அல்லது முனை கெட்டுப்போய் வெட்ட வேண்டியிருந்தால் இந்த வழி. இதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: எஃகுக் கவசம் போட்ட ரப்பர் கப்ளிங் (இரண்டு குழாய் முனைகளைச் சேர்க்கும் உறை), சின்னத் துண்டு பிவிசி குழாய், அதன் முனையில் ஒட்ட ஒரு ட்ராப் அடாப்டர் (ட்ராப் குழாயை நட்டும் வாஷரும் போட்டு மாட்ட மரை வைத்த துண்டு).

கப்ளிங்கில்தான் கவனம் முழுக்க இருக்க வேண்டும். கடையில் வெறும் ரப்பர் குழல் இரண்டு கிளாம்ப்போடு தொங்கும், அதை எடுக்காதீர்கள். கவசம் இல்லாத ரப்பர் காலப்போக்கில் தொய்யும், இரண்டு குழாய்களும் நேர்கோட்டிலிருந்து விலகும், அந்தத் தொய்வில் அழுக்கு தங்கும். பல ஊர்களின் கட்டட விதிகளும் தரைக்கு மேலே அதை ஏற்பதில்லை. ரப்பரைச் சுற்றி முழு நீளத்துக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு இருப்பதாக, ஒரு பக்கம் செம்புக்கும் மறுபக்கம் பிளாஸ்டிக்குக்கும் என்று அட்டையில் தெளிவாக எழுதியிருப்பதாக வாங்குங்கள். இரு பக்கமும் ஒரே அளவான கப்ளிங்கைச் செம்பில் போட்டு "இறுக்கினால் சரியாகிவிடும்" என்று நினைத்தால், ஏழு மில்லிமீட்டர் இடைவெளியை ரப்பர் மடிந்துதான் நிரப்பும். மடிப்பு இருக்கும் இடமெல்லாம் தண்ணீருக்கு வழி.

செம்பை வெட்ட ஹாக்ஸாவைவிடச் சுற்றி வெட்டும் டியூப் கட்டர் நல்லது. பழைய குழாயை உலுக்காது, வெட்டும் நேராக வரும். ஒரே மூச்சில் இறுக்காமல், ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் என்று இறுக்கிக்கொண்டே சுற்றுங்கள். மெல்லிய சுவர் என்பதால் அவசரப்பட்டால் நசுங்கிவிடும். வெட்டியதும் உட்புறத்தில் ஒரு விளிம்பு உள்நோக்கி மடிந்து நிற்கும். அந்தப் பிசிரை அரத்தால் எடுத்துவிடுங்கள்; விட்டுவிட்டால் தலைமுடியும் நூலும் அதில்தான் முதலில் சிக்கும். வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் விழும் கீறல்கள் தண்ணீருக்குச் சின்ன வாய்க்கால்களாகிவிடும். பெயின்ட், பழைய பற்றின் துளி, குரோம் உரிந்த தோல் எதுவும் மிஞ்சக் கூடாது. கப்ளிங்கின் பாதி நீளத்துக்காவது சுத்தமான, வட்டமான, நேரான செம்பு வெளியே இருக்க வேண்டும்.

பிவிசி துண்டில் ட்ராப் அடாப்டரை முதலில் வெளியே வைத்தே ஒட்டிக் காயவிடுங்கள். பேசினுக்குக் கீழே படுத்துக்கொண்டு பசை தடவுவதைவிட இது சுலபம், ஆவியையும் முகர வேண்டியதில்லை. காய்ந்ததும் கப்ளிங்கைப் பிரித்து எஃகுத் தகட்டை ஒரு குழாயில் ஏற்றிவிட்டு, ரப்பரைச் செம்பின் மேல் செருகுங்கள். ரப்பருக்குள் நடுவில் ஒரு வரம்பு தட்டுப்படும். செம்பு அதைத் தொடும் வரை போக வேண்டும். மறுபக்கத்திலிருந்து பிவிசியும் அப்படியே. ரப்பர் நுழைய அடம்பிடித்தால் தண்ணீரோ சோப்பு நீரோ போதும், எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். அவை ரப்பரைக் கெடுக்கும். பிறகு தகட்டை ரப்பரின் மேல் இழுத்து நடுவில் உட்காரவைத்து, இரு பக்க ஸ்க்ரூக்களையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். இவ்வகைக் கப்ளிங்குகளில் வழக்கமாக 60 இஞ்ச்-பவுண்ட், அதாவது சுமார் 6.8 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று போட்டிருக்கும். உங்கள் கப்ளிங்கில் அச்சடித்திருப்பதுதான் கடைசி வார்த்தை. இதற்கென்றே அந்த அளவில் வழுக்கிவிடும் டார்க் ரெஞ்ச் உண்டு. பழைய செம்பில் அதிகமாக இறுக்குவது குறைவாக இறுக்குவதைவிட ஆபத்து, ஏனென்றால் குழாய் உள்ளே நசுங்குவது வெளியே தெரியாது.

செம்பில் மரை வைத்த அடாப்டரைப் பற்றவைப்பது இன்னொரு வழி. நன்றாகச் செய்தால் வலுவான மூட்டுதான். ஆனால் தீச்சுடரைச் சுவரின் மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும், பழைய குழாய்க்குள் ஈரம் இருந்தால் பற்று பிடிக்காது, வெப்பம் போய்ப் பக்கத்து மூட்டும் இளகலாம். முதல் முறை செய்பவர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ட்ராப்பும் வாட்டமும்

பேசினுக்கு மேலே செய்வது சுருக்கமான வேலை. பேசினின் வாயில் உட்காரும் வடிகால் துண்டான வேஸ்ட் கப்ளிங்கின் விளிம்புக்கு அடியில் பிளம்பர் புட்டி (பிசைந்து வைக்கும் மென்மையான அடைப்புப் பொருள்). பேசின் கல்லாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் புட்டிக்குப் பதில் சிலிக்கான். புட்டியின் எண்ணெய் கல்லில் கறையாக ஏறும்.

கீழே ட்ராப்பைப் பொருத்தும்போது எல்லா நட்டுகளையும் முதலில் தளர்வாகவே போடுங்கள். புது பேசினின் வாய் பழையதன் நேர்கோட்டில் அரிதாகத்தான் இருக்கும். ட்ராப்பின் வளைவைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவர்க் குழாயின் நேர்கோட்டுக்குக் கொண்டுவரலாம்; உயரத்தைப் பேசினுக்குக் கீழே இறங்கும் துண்டை வெட்டிச் சரிசெய்யலாம். எங்கேயும் குழாயை இழுத்து வளைத்து மாட்டாதீர்கள். வலுக்கட்டாயமாகச் சேர்த்த மூட்டு அன்றைக்கு நிற்கும், பிறகு மெல்ல மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பி வாஷரை ஒரு பக்கமாகத் தூக்கிவிடும். சுருங்கி விரியும் நெளிகுழல் வாங்கி இந்தப் பிரச்சினையைத் தீர்க்கவும் வேண்டாம், அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் அழுக்கு சேரும்.

ட்ராப்பிலிருந்து சுவருக்குப் போகும் குழாய்க்கு ஒரு அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் கொடுங்கள், மீட்டருக்கு 2 செ.மீ. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வாட்டம் குறைந்தால் தண்ணீர் தேங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகமானாலும் கெடுதல்தான். சுவருக்குள் காற்றுக்குழாய் (கழிவுக் குழாய்க்குள் வெளிக்காற்றை விடும் குழாய்) சேரும் இடம் ட்ராப்பின் நீர்மட்டத்தைவிடக் கீழே இறங்கிவிட்டால், ஓடும் தண்ணீர் பின்னாலேயே ட்ராப்பின் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ட்ராப்பில் 2 முதல் 4 இஞ்ச் வரை தண்ணீர் நிற்க வேண்டும், சாக்கடை வாயுவைத் தடுக்கும் சுவர் அதுதான். இதே காரணத்தால்தான் செம்புக் குழாய் சுவரிலிருந்து வராமல் தரையிலிருந்து எழும்பி வந்தால் கொஞ்சம் நில்லுங்கள் என்கிறேன். அதில் நேராக மாட்டினால் ட்ராப் ஆங்கில எழுத்து எஸ் வடிவத்தில் முடியும்; அது தன் தண்ணீரைத் தானே உறிஞ்சிவிடக்கூடியது, புதிதாகப் போடப் பெரும்பாலான விதிகள் அனுமதிப்பதில்லை. காற்றுவழி அமைப்பது எப்படி என்று உரிமம் பெற்ற பிளம்பரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

எல்லாம் நேராக வந்ததும் நட்டுகளைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் ரெஞ்ச்சால் கால் திருகு. பிளாஸ்டிக் நட்டுக்கு அதுவே அதிகம்.

சோதனை

துணியை எடுத்தீர்களா? அதை முதலில் எடுங்கள்.

குழாயைத் திறந்துவிட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல. பேசினை மூடி, விளிம்பிலுள்ள ஓவர்ஃப்ளோ துவாரம் வரை நிரப்பி, சட்டென்று திறந்துவிடுங்கள். அந்த முழு வேகத்தில்தான் பலவீனமான மூட்டு தன்னைக் காட்டும். ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த டிஷ்யூ தாளால் அடிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூடத் தாளில் தெரியும். அடுத்து வெந்நீரால் ஒரு முறை, உடனே குளிர்ந்த நீரால் ஒரு முறை. செம்பும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவில் விரிவதில்லை, அந்த வித்தியாசத்தைக் கப்ளிங் தாங்குகிறதா என்று இதில் தெரியும். தண்ணீரை ஓவர்ஃப்ளோ வழியாகவும் கொஞ்ச நேரம் வழியவிடுங்கள்.

கசிந்தால் உடனே இன்னும் இறுக்கத் தோன்றும். பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாஷர் சாய்ந்திருக்கும், அல்லது தலைகீழாக இருக்கும். செம்புக் கப்ளிங்கில் கசிவென்றால் குழாயில் எங்கோ கீறலோ பற்றுத் துளியோ மிஞ்சியிருக்கிறது. மறுபடி உப்புத்தாள்தான் தீர்வு.

கீழே ஒரு காகிதத்தை விரித்துவைத்து இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் காகிதம் சுருங்காமல் இருந்தால் அலமாரியில் பொருள்களை அடுக்கலாம். ஒரு வாரம் கழித்து நட்டுகளைக் கையால் மட்டும் ஒரு தரம் தொட்டுப் பாருங்கள், புது வாஷர்கள் அழுந்தி உட்கார்ந்த பிறகு சில நட்டுகள் கொஞ்சம் இளகியிருக்கும். இனி அடைப்பு வந்தால் அந்தக் குழாயில் அமிலம் கலந்த திரவங்களை ஊற்றாதீர்கள். ட்ராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.